எல்லோருக்கும் ஒரே விலை

நாமக்கல் மண்டலத்தில் முட்டைக்கு ஒரே விலைதான். ராசிபுரம் பக்கத்துப் பண்ணைக்கும் பரமத்தி பக்கத்துப் பண்ணைக்கும் அது பொது. "முட்டை கொள்முதல் விலை 5 காசு உயர்வு" என்று நாளிதழின் ஓரத்தில் வரும் இரண்டு வரியை வெளியூர்க்காரர் கவனிக்காமல் தாண்டிப் போவார். பண்ணை வைத்திருப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார். ஒரு கோடி முட்டைக்கு 5 காசு என்றால் 5 லட்சம் ரூபாய். நாமக்கல்லில் இருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை வெளியே போகிறது.

இந்த ஒரே விலைக்குள் ஒரு புதிர் இருக்கிறது. போட்டி கடுமையாக இருக்கும் சந்தையில் எல்லோர் விலையும் ஒன்றாகிவிடும். ஒரு காசு கூட்டிச் சொன்னாலும் வாங்குபவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். விற்பவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட சந்தையிலும் எல்லோர் விலையும் ஒன்றாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒன்று வாங்குபவருக்கு வரம், இன்னொன்று திருட்டு. இவற்றைப் பிரித்தறியத்தான் போட்டிச் சட்டம் நூறாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் பாடுபட்டு வருகிறது. இந்தியாவில் அந்தப் பாட்டைப் பார்க்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகப் போகும் ஒரு லாரியைக் கவனித்தாலே போதும்.

முதலில் முட்டை. 1980-களின் தொடக்கம் வரை விலையைச் சொன்னவர்கள் வியாபாரிகள். கோழி நாள் தவறாமல் முட்டையிடும், தீவனச் செலவு நாள் தவறாமல் ஏறும், முட்டையோ வெயிலில் தாங்காது. கேட்ட விலைக்குக் கொடுப்பதைத் தவிரப் பண்ணையாளருக்கு வேறு வழியில்லை. வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனர் பி.வி. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர்களைத் திரட்டினார். "என் முட்டை, என் விலை, என் வாழ்வு" என்பது அவர் முழக்கம். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. ஊரார் வாயில் அது 'நெக்'. விலை சொல்லும் வாய் வியாபாரியிடமிருந்து உற்பத்தியாளரிடம் வந்தது.

நெக் தன் விலைப் பட்டியலிலேயே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது: இது பரிந்துரை விலை, யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வெறும் சம்பிரதாயம் என்று தோன்றலாம். ஆனால் சந்தைக்குள் இறங்கிப் பார்த்தால் அதற்கு உயிர் உண்டு. இங்கே 'மைனஸ்' என்று ஒரு சொல் புழங்கி வந்திருக்கிறது. அறிவிப்பு விலை 5 ரூபாய் என்று வையுங்கள். வியாபாரி "முப்பது காசு மைனஸ்" என்பார். பண்ணையாளர் கைக்கு 4 ரூபாய் 70 காசு வரும். மைனஸ் கூடினால் பண்ணையாளர்கள் கொதிப்பார்கள், அதை ஒழிக்கக் கூட்டம் போடுவார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முப்பது காசுக்குள்தான் போட்டி ஒளிந்திருக்கிறது. விலை பேசி வைத்துக்கொண்ட எந்தக் கூட்டத்தையும் உலகில் முதலில் உடைப்பது, உள்ளேயே ஒருவர் யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் தள்ளுபடிதான்.

வியாபாரிகள் கூடிச் சதி செய்வது புதிதல்ல. சரக்கைப் பதுக்கி ஒன்றுசேர்ந்து விலையேற்றும் வணிகருக்கு ஆயிரம் பணம் தண்டம் என்று அர்த்தசாஸ்திரத்திலேயே விதி இருக்கிறது. சுதந்திர இந்தியா வேறு திசையில் தொடங்கியது. 1969-ல் வந்த ஏகபோகத் தடைச் சட்டத்தின் கவலை, நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதே. 20 கோடி ரூபாய் சொத்து சேர்ந்தால் அரசின் பார்வை விழும். பல சிறியவர்கள் கைகோத்துப் பெரியவர்போல நடந்துகொள்வதைப் பிடிக்க அதற்குச் சரியான கருவி இல்லை. லாரி சங்கங்கள் வாடகையைப் பேசி வைத்து, சரக்கு ஏற்ற முறை வைத்த வழக்குகள் அதன் ஆணையத்துக்கு வந்தன. குற்றம் நிரூபணமானாலும் கிடைத்தது "இனிமேல் செய்யாதே" என்ற உத்தரவு மட்டும். அபராதம் கிடையாது.

எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையிலான குழு 2000-ல் புதிய சட்டம் வேண்டும் என்றது. 2002-ல் போட்டிச் சட்டம் நிறைவேறியது; அதன் பற்கள் முளைத்தது 2009 மே 20 அன்று. புதிய சட்டத்தில் பெரிதாக இருப்பது குற்றமில்லை, பெரிய பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். கூடிப் பேசி விலை வைப்பது கடும் குற்றம். அதைச் சட்டம் 'கார்ட்டல்' என்கிறது. நம் ஊர் ஏலக் கடைகளில் அதற்குப் பெயர் சிண்டிகேட். தண்டனை ஒவ்வோர் ஆண்டின் லாபத்தில் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை. இவற்றில் எது அதிகமோ அது. ஒப்பந்தம் என்பதற்குக் கொடுத்த விளக்கம்தான் இன்னும் கூர்மையானது. கையெழுத்து வேண்டாம், எழுத்தே வேண்டாம். ஒரு புரிதல், ஒரு தலையசைப்பு போதும். தலையசைப்பை எப்படி நிரூபிப்பது?

லாரியின் டயரைப் பாருங்கள். நைலான் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கிராஸ்-பிளை டயர். பன்னிரண்டு சக்கர லாரிக்கு ஒரு டயரில் 500 ரூபாய் ஏறினால், ஸ்டெப்னியை விட்டுவிட்டாலும் 6,000 ரூபாய் கூடுதல். ஒற்றை லாரி வைத்து ஓட்டும் சங்ககிரிக்காரருக்கு அது சிறு தொகையா? டயர் கம்பெனிகள் சேர்ந்து விலை ஏற்றுகின்றன என்று டயர் டீலர்கள் கூட்டமைப்பு பழைய சட்டத்தின் கீழேயே புகார் செய்தது. 2008-ஆம் ஆண்டின் எண்ணுள்ள அந்த வழக்கு, பழைய ஆணையம் கலைக்கப்பட்டபோது புதிய போட்டி ஆணையத்தின் மேசைக்கு மாறியது. 2012 அக்டோபரில் தீர்ப்பு. விற்பவர்கள் சிலரே, பொருள் ஒரே மாதிரி, விலையும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கிறது. எல்லாம் உண்மை. ஆனாலும் கூடிப் பேசியதற்குச் சான்று போதவில்லை என்று ஆணையம் வழக்கை முடித்துவிட்டது.

இந்தத் தீர்ப்பின் பின்னால் ஓர் அழகான தர்க்கம் இருக்கிறது. டயருக்கு வேண்டிய ரப்பர் விலை ஏறினால் எல்லோருக்கும் ஏறும். ஒரு கம்பெனி விலையை உயர்த்தியதை மற்றொன்று செய்தித்தாளில் படித்துத் தானும் உயர்த்தினால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. இதை 'இணைநடை' என்று சொல்லலாம்: பேசாமலேயே ஒரே தாளத்தில் நடப்பது. இணைநடையோடு இன்னொன்றும் வேண்டும். அதைத் தேடுவதில்தான் விசாரணைக்காரர்களின் திறமை.

அதே தொழிலில் அடுத்த விசாரணையில் அது கிடைத்ததாக ஆணையம் கண்டது. 2011-12-ல் லாரி, பஸ்களுக்கு மாற்று டயராக விற்கும் கிராஸ்-பிளை வகைகளின் விலை பற்றிய வழக்கு அது. எந்தக் கம்பெனி எந்த ரகத்தில் எவ்வளவு தயாரித்தது, எவ்வளவு விற்றது என்ற விவரத்தை உற்பத்தியாளர் சங்கமே சேகரித்து உறுப்பினர்களுக்குள் சுற்றவிட்டிருந்தது. போட்டியாளரின் கிடங்கில் என்ன இருக்கிறது என்பது சுடச்சுடத் தெரிந்துவிட்டால், பேசி வைத்த விலையை யார் மீறுகிறார் என்பதும் தெரிந்துவிடும். முட்டைச் சந்தையின் மைனஸ்போல மறைவாகத் தள்ளுபடி கொடுக்க அங்கே இடமே இல்லை. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிர்லா ஆகிய ஐந்துக்கும் சங்கத்துக்கும் சேர்த்து சுமார் 1,788 கோடி ரூபாய் அபராதம். அதில் சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு 622 கோடி.

அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது 2018 ஆகஸ்ட் 31 அன்று. உலகம் படித்தது 2022 பிப்ரவரி 2 அன்று. இடைப்பட்ட மூன்று ஆண்டு ஐந்து மாதம், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அது சீல் வைத்த உறைக்குள் கிடந்தது. எம்.ஆர்.எஃப். மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகே உறை பிரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கணக்குகளில் பிழை இருக்கிறது, மறுபடி பாருங்கள் என்று ஆணையத்துக்கே அதைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் அந்தக் கால டயர்கள் எத்தனையோ முறை தேய்ந்து மாற்றப்பட்டிருக்கும். இந்தச் சட்டத்தின் பெரிய குறை அதன் வேகம் என்பது என் எண்ணம்.

லாரியில் ஏறியிருப்பது சிமென்ட். சங்ககிரியில் 1960-களிலிருந்து சிமென்ட் ஆலை உண்டு. அதைத் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், 2012-ல் ஆணையம் தண்டித்த பதினொரு கம்பெனிகளில் ஒன்று. மொத்தம் சுமார் 6,300 கோடி ரூபாய். புகார் கட்டுநர் சங்கத்தினுடையது. 2010-ன் கடைசி மாதங்களில் ஆலைகள் ஓட வசதி இருந்தும் உற்பத்தியும் அனுப்பலும் குறைந்தன. அடுத்த மாதங்களில் விலை ஏறியது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை பிடிக்கும். மூட்டைக்கு 20 ரூபாய் ஏறினால் 8,000 ரூபாய். வீடு கட்டுபவருக்கு அது கொத்தனார் கூலியில் சில நாள். மும்பை ஓட்டல் ஒன்றில் நடந்த உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களையும், அவற்றையொட்டி விலை நகர்ந்த விதத்தையும் ஆணையம் சேர்த்து வைத்துப் பார்த்தது. விலை ஏறியதைவிட, வசதி இருந்தும் ஓடாத ஆலைதான் உரக்கப் பேசியது. போட்டி உள்ள சந்தையில் விலை ஏறப்போகிற நேரத்தில் யாராவது ஆலையை மெதுவாக்குவாரா?

இத்தனை நுட்பமாகக் கட்டிய தீர்ப்பு 2015-ல் சரிந்தது ஓர் எளிய காரணத்தால். வாதங்களைக் கேட்ட அமர்வில் இல்லாத தலைவர், தீர்ப்பில் கையெழுத்திட்டிருந்தார். கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற பழைய நீதி நெறி மீறப்பட்டது என்றது அப்போதைய போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். மறுபடி விசாரணை நடந்து, 2016-ல் மீண்டும் அபராதம் விதிக்கப்பட்டது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கேஸ் டேங்கர் வருகிறது. தென்னாட்டின் கேஸ் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல்தான் தலைநகர். அந்தக் கேஸை அடைக்கும் சிலிண்டர் பற்றி ஒரு வழக்கு உண்டு; நான் படித்தவற்றுள் அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். 2010-ல் இந்தியன் ஆயில் 105 லட்சம் சிலிண்டருக்கு டெண்டர் கேட்டது. பல மாநிலங்களுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் எழுதிய விலை அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தது. டெண்டருக்கு முந்திய இரண்டு நாள் மும்பை ஓட்டல் ஒன்றில் அவர்களில் பலர் கூடியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆணையம் தண்டித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதன் வாதம் இது: நாட்டில் சிலிண்டர் வாங்குபவர்கள் மூன்றே மூன்று அரசுக் கம்பெனிகள். என்ன தரம், என்ன எடை, என்ன விலைக்கு மேல் போகக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் கையில். குறைந்த விலை எழுதியவரோடு பேசி, அதே விலையை மற்றவர்களுக்கும் நீட்டுவதும் அவர்களே. வாங்குபவரே விலையை ஆளும் சந்தையில், விற்பவர்கள் விலை ஒன்றாக இருப்பதற்குச் சதி தேவையில்லை.

இந்தத் தீர்ப்பை முட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. சிதறிக் கிடக்கும் சிறு விற்பனையாளர்கள், திரண்ட சில வாங்குபவர்கள். இதை உணர்ந்துதான் அமெரிக்கா 1922-லேயே விவசாயிகள் கூட்டாக விற்பதற்குத் தனிச் சட்டம் போட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது. இந்தியச் சட்டத்தில் விவசாயிக்கென்று அப்படிப் பொதுவான விலக்கு இல்லை. வேண்டுமானால் மத்திய அரசு விலக்குத் தரலாம் என்று ஒரு பிரிவு மட்டும் உண்டு. கோழிப் பண்ணையாளர் சங்கத்தையும் சிமென்ட் ஆலைகளின் சங்கத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

சான்று கிடைக்காத இடத்தில் சான்றை வரவழைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. கிளீனர் கையில் உள்ள டார்ச்சின் பேட்டரிக் கட்டை அதற்குச் சாட்சி. கூட்டுச் சதியில் உள்ள ஒருவர் முதலில் வந்து உண்மையைச் சொன்னால் அவருக்கு அபராதம் முழுவதும் மன்னிக்கப்படலாம். இரண்டாவதாக வருபவருக்குப் பாதி வரை, மூன்றாமவருக்கு 30 விழுக்காடு வரை குறையும். இதைத் 'தண்டச்சலுகை' எனலாம். யார் முதலில் என்பதைத் தீர்மானிக்க ஒரு தொலைபேசி அழைப்பே போதும். வரிசையில் உங்கள் இடம் குறிக்கப்பட்டுவிடும். ஆணையத்தின் பதில் வந்த பிறகு 15 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இனி சதியில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து "இவர் முந்திக்கொள்வாரோ" என்று பயப்படத் தொடங்குவார். வெளியிலிருந்து யாரும் உடைக்க வேண்டாம். நம்பிக்கை உள்ளேயே கரையும்.

பேட்டரி வழக்கில் பானாசோனிக் முந்தியது. அது சொன்னதை வைத்து 2016 ஆகஸ்ட் 23 அன்று பானாசோனிக், எவரெடி, நிப்போ மூன்றின் இடங்களிலும் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே மற்ற இருவரும் தண்டச்சலுகை கேட்டு வந்தார்கள். 2018-ல் தீர்ப்பு: பானாசோனிக்குக்கு முழு மன்னிப்பு, எவரெடிக்கு 30 விழுக்காடு கழித்து சுமார் 171 கோடி, சென்னையின் நிப்போவுக்கு 20 விழுக்காடு கழித்து சுமார் 42 கோடி. மன்னிப்பு வாங்கியவரும் சதிகாரர்தானே என்று மனம் உறுத்தும். ஆனால் இந்தக் கதவு இல்லாவிட்டால் மூவரும் இன்னும் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம்.

யாரும் வாய் திறக்காவிட்டால் எண்களையே பேசவைக்கலாம். அமெரிக்க ராணுவத்துக்கு உறைய வைத்த மீன் விற்றவர்களின் சதி 1980-களின் பிற்பகுதியில் உடைந்தது. பின்னால் ஆய்வாளர்கள் அந்த விலைகளை எடுத்துப் பார்த்தார்கள். சதி உடைந்தபின் சராசரி விலை 16 விழுக்காடு இறங்கியிருந்தது. ஆச்சரியம் அதில் இல்லை. விலையின் நடுக்கம், அதாவது நாளுக்கு நாள் மேலும் கீழும் ஆடும் அளவு, மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது. உண்மையான போட்டியில் விலை படபடக்கும். பேசி வைத்த விலை அசையாமல் நிற்கும். தென்கொரியா இந்த வகைச் சோதனையைக் கணினியிடம் ஒப்படைத்து, அரசு டெண்டர்களைத் தானாகச் சலித்துப் பார்க்கிறது.

விலையை வெளிப்படையாக வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு டென்மார்க்கில் ஒரு பாடம் உண்டு. 1993-ல் அங்கே அரசே ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனிகளின் உண்மையான பேர விலைகளை வெளியிடத் தொடங்கியது. வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்ப்பார், விலை குறையும் என்பது எண்ணம். ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு ஏறிவிட்டது. வாங்குபவரைவிட விற்பவர்கள்தான் அந்தப் பட்டியலை உன்னிப்பாகப் படித்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு மைனஸ் கொடுக்கிறார் என்று தெரிந்தபின் மைனஸ் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இனி வருவது இன்னும் கடினம். 2023 திருத்தத்தால், அதே தொழிலில் இல்லாதவரும் சதிக்கு நடுவில் நின்று உதவினால் மாட்டிக்கொள்வார். அபராதத்தை உலகளாவிய விற்றுமுதலில் கணக்கிடலாம். ஒரு சதியில் மாட்டியவர் இன்னொரு சதியைக் காட்டிக்கொடுத்தால் கூடுதல் சலுகை. ஆனால் விலையை மனிதர் வைக்காமல் நிரல் வைத்தால்? 2015-ல் அமெரிக்காவில் சுவரொட்டி விற்ற இணையக் கடைக்காரர் பிடிபட்டார். விலையை ஒருங்கிணைக்க நிரலைப் பயன்படுத்துவது என்று போட்டியாளரோடு பேசி வைத்திருந்தார். அங்கே பேச்சு இருந்தது, ஆகவே குற்றமும் இருந்தது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், தானாகக் கற்கும் இரண்டு நிரல்களை எதிரெதிராக விற்க விட்டார்கள். ஒன்றோடொன்று ஒரு சொல்லும் பரிமாறாமலேயே இரண்டும் விலையை உயர்த்தி வைக்கக் கற்றுக்கொண்டன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றது பதிலடி கொடுத்தது. ஓட்டல் இல்லை, தொலைபேசி இல்லை, தலையசைப்புகூட இல்லை. ஒப்பந்தத்தைத் தேடும் சட்டம் இங்கே எதைத் தேடும்? 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு பெரிய இணையத் தளங்களுக்கு முன்கூட்டியே விதி வைக்கப் பார்த்தது. நிரல்களின் இந்த மௌன இணைநடைக்கு அதிலும் நேரான விடை இல்லை.

ஒரு வேலையை மட்டும் இங்கேயே, இன்றே தொடங்கலாம். சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தில் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ரகசிய டெண்டர் முறையில் விற்கப்படுகின்றன. வியாபாரிகள் சரக்கின் மாதிரியைப் பார்த்துத் தனித்தனியே விலை எழுதுகிறார்கள். இந்த முறையே ஒரு காவல்தான். குரல் ஏலத்தில் சிண்டிகேட்டை மீறுபவர் அந்த நொடியே அகப்படுவார், மற்றவர்கள் விலையேற்றி அவரை மடக்கலாம். மூடிய டெண்டரில் மீறியது திறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் சரக்கு அவர் கைக்குப் போயிருக்கும். எந்த ரகசிய டெண்டரிலும் தோற்ற விலைகளையும் சேர்த்துப் பதிந்து வைத்தால் மீன் விலைக்குச் செய்த அதே நடுக்கச் சோதனையை ஒரு கல்லூரி மாணவர்கூடச் செய்துவிடலாம். ஜெயித்த விலைக்கும் அடுத்த விலைக்கும் இடைவெளி எவ்வளவு, தோற்ற விலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா, ஜெயிப்பவர்கள் முறை வைத்து மாறுகிறார்களா என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஜவ்வரிசிக்குக் கிழங்கு போட்ட ஆத்தூர், ராசிபுரம் விவசாயிக்கு அந்தப் பதில் எந்த 1,000 கோடி அபராதத்தைவிடவும் சீக்கிரம் கைக்கு வரும்.